பொதிகையில் பிறந்த இன்னொரு மொழி

சூரிச் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, என் பேரனுக்குப் பத்து பிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். பேரன் அதைச் செலவு செய்ய வழியில்லாத காரணத்தால் ஆராய்ச்சி செய்யத் தொடங்கினான். அந்நாட்டு மத்திய வங்கியின் பெயர் அதில் நான்கு விதமாக அச்சிடப்பட்டிருந்தது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி என்று மூன்றை இனங்கண்டுகொண்ட பிள்ளைக்கு நான்காவது எதுவென்று தெரியவில்லை. அது ரோமான்ஷ் என்றும், ஆல்ப்ஸ் மலையில் கிராவ்புண்டன் என்ற மாகாணத்தின் பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் பேசுகிற பாஷை என்றும், சுமார் 90 லட்சம் ஜனங்கள் வாழும் தேசத்தில் நூற்றுக்கு ஒருவர்கூடப் பேசாத அந்தப் பாஷைக்கும் நோட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் நான் சொல்லி முடித்தேன். உடனே அவன் நம் நூறு ரூபாய் நோட்டை எடுத்து, இந்தியும் ஆங்கிலமும் சேர்த்துப் பதினேழு பாஷைகள் என்று எண்ணிப் பெருமைப்பட்டான். அதோடு விட்டிருக்கலாம்.

"தாத்தா, நம்ம பொதிகை மலையில இருக்கிறவங்க என்ன பாஷை பேசுவாங்க?" என்று கேட்டான்.

"தமிழ்தான்" என்று யோசியாமல் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் அது சரியில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. எழுபது வருஷ காலமாகப் பாபநாசத்து ஆற்றில் குளித்து, அந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டு, தென்றலும் தமிழும் தாமிரபரணியும் அங்கிருந்துதான் இறங்கி வந்தன என்று மேடைதோறும் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான். அந்த மலையில் இன்றும் குடியிருக்கிற மனிதர்கள் தங்கள் வீட்டுக்குள் எந்தப் பாஷையில் குழந்தையைத் தாலாட்டுகிறார்கள் என்பதை ஒரு நாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அகஸ்திய முனிவர் பொதிகையில் அமர்ந்து தமிழுக்கு இலக்கணம் வகுத்தார் என்ற ஐதிகம் நம் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறதென்றால், அம்மலையில் தமிழைத் தவிர வேறொரு பேச்சு இருக்கக்கூடும் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. முனிவரின் கமண்டலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்த நமக்கு, அவருடைய அண்டை வீட்டுக்காரரின் பெயர் தெரியாது.

அந்த அண்டை வீட்டுக்காரர்தாம் காணிக்காரர். சுருக்கமாகக் 'காணி' என்பார்கள். சுடலைமாடன் கோயில் கொடைகளில் மகுடம் அடித்துக் கூத்து நிகழ்த்துகிற கணியான் சமூகத்தாரையும் இவர்களையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது நம் பக்கத்துப் படித்தவர்களிடமும் உண்டு. இரண்டும் வெவ்வேறு. கணியான்கள் சமவெளிக்காரர்கள், காணிகள் மலைவாசிகள். பொதிகையின் கிழக்குச் சரிவில் சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்ற சில குடியிருப்புகளில் இவர்களில் சில நூறு பேர் இருக்கிறார்கள். தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் இன்னும் மிகுதியாகவும், முகட்டுக்கு அப்பால் கேரளத்துத் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டக் காடுகளில் பல்லாயிரக்கணக்கிலும் வாழ்கிறார்கள். 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி செங்கோட்டையும் கன்னியாகுமரியும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது நாமெல்லாம் கொண்டாடினோம். மாமன் வீடு ஒரு ராஜ்யத்திலும் மச்சான் வீடு இன்னொரு ராஜ்யத்திலுமாகப் போய்விட்ட குடும்பங்கள் அன்று மலைமேல் இருந்தன என்பது யாருடைய பிரசங்கத்திலும் வரவில்லை.

பேரனுக்குச் சொன்ன தவறான பதிலைத் திருத்திக்கொள்ளும் உத்தேசத்துடன்தான் நான் மலையேறினேன் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. முழங்கால் அனுமதிக்கிற மட்டும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாகவே இருந்தது. பாபநாசத்திலிருந்து காரையாறு போகிற பேருந்து, வனத்துறைச் சோதனைச் சாவடியில் நின்று, பெயர் எழுதி, பிளாஸ்டிக் பைகளைப் பறிகொடுத்துவிட்டு, வளைந்து வளைந்து முண்டந்துறைக்கு ஏறுகிறது. வலப்பக்கம் பள்ளத்தில் ஆறு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற லட்சக்கணக்கான ஜனங்களுக்கு இந்தப் பாதை பழக்கமானது. ஆனால் அவர்கள் பார்ப்பது கோயிலை. காடு அவர்களுக்குக் கூடாரம் அடிக்கிற இடம். மற்ற நாட்களில் இப்பாதையில் நிசப்தம்தான். அன்றைக்குப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்திருந்த ஓர் இளம்பெண், மடியில் ரேஷன் அரிசிப் பையும் கையில் கைபேசியுமாக யாரிடமோ பேசிக்கொண்டு வந்தாள். ஒரு வாக்கியம் தமிழ் மாதிரி இருந்தது, அடுத்தது மலையாளம் மாதிரி இருந்தது, மூன்றாவது இரண்டு மாதிரியும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பாதிக்கு மேல் விளங்கவில்லை. பொதிகை மலையின் அடிவாரத்தில் பிறந்தவனுக்குப் பொதிகையின் பேச்சு விளங்காமற்போன அந்த அரை மணி நேரத்தை நான் சீக்கிரத்தில் மறக்கமாட்டேன்.

காணி என்ற சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நம் பழைய கணக்கில் காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. நில அளவையில் அது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு. இவ்விரண்டுக்கும் மேலாக, பரம்பரை பரம்பரையாக ஒரு குடிக்கு உரிய நிலத்துக்குக் காணி என்றும், அந்த உரிமைக்குக் காணியாட்சி என்றும் கல்வெட்டுகளில் பெயர். ஆகவே காணிக்காரர் என்றால் நிலத்தின் பரம்பரைச் சொந்தக்காரர் என்று பொருள் சொல்லிவிடலாம். திருவிதாங்கூர் மகாராஜாக்கள் இவர்களை அப்படித்தான் மதித்தார்கள் என்பது மேற்குச் சரிவில் இன்றும் சொல்லப்படுகிற கதை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்த, காட்டுக்குள் ஒளிந்து திரிந்த மார்த்தாண்ட வர்மாவுக்குக் காணிகள் அடைக்கலம் கொடுத்தார்கள் என்றும், 1729-இல் பட்டத்துக்கு வந்த பின் அவர் நன்றி மறவாமல் மலையை இவர்களுக்கு விட்டுக் கொடுத்தார் என்றும் அக்கதை போகும். ஓணத்துக்கு மலைத்தேனும் கிழங்கும் பழமும் சுமந்துகொண்டு காணிகள் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போய்க் காணிக்கை வைக்கிற சம்பிரதாயம் அதன் தொடர்ச்சி. நம் பக்கத்து மலைக்கு அப்படி ஒரு ராஜகதை இல்லை. மலையின் பெரும்பகுதி சிங்கம்பட்டி ஜமீனுக்கு இருந்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் சர்க்காருக்கு வந்தது. ஜமீன் கணக்கிலாகட்டும், சர்க்கார் கணக்கிலாகட்டும், காணிக்காரர் பெயரில் ஒரு காணி நிலம் எழுதப்பட்டிருந்ததா என்று தேடப் போனால் பெயருக்கும் நிலைமைக்கும் உள்ள தூரம் தெரியும். பரம்பரையாகக் காட்டில் வாழ்வோரின் உரிமையை அங்கீகரிக்கிற சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2006-இல்தான். பழங்குடிப் பட்டியலிலும்கூட இவர்களைக் கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள் என்று எல்லை வகுத்தே குறித்திருக்கிறார்கள். மலைக்கு வட்டமும் மாவட்டமும் ஏது என்று கேட்டால் தாசில்தாரிடம் பதில் இராது.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட, தமிழில் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று பெயர்பெற்ற ஏழு தொகுதிகளில் காணிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். யானைக்குப் பயந்து மரத்தின்மேல் மூங்கிலால் கட்டுகிற ஏறுமாடம், காட்டைச் சுட்டுத் திருத்தி விதைத்துச் சில வருஷம் கழித்து இடம் மாறுகிற விவசாயம், வில்லும் அம்பும் எல்லாம் அதில் வருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நின்றுபோன கடிகாரம் மாதிரி அந்தப் பக்கங்கள் இருக்கின்றன. இன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு மயிலாற்றுக்குப் போகிறவன் ஏமாந்துபோவான். குடியிருப்பில் நான் கண்டவை சர்க்கார் கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகள். கூரையில் டிஷ் ஆன்டெனா. வாசலில் மோட்டார் சைக்கிள். ஈத்தைத் தட்டியால் சுவரும் ஈத்தை இலையால் கூரையும் வேய்ந்த பழைய மாதிரி வீடு ஒன்று ஓரமாக இருந்தது. அதில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். கோடையில் கான்கிரீட் வீட்டுக்குள் படுக்க முடியாமல் பெரியவர்கள் பகலில் ஆட்டுக் கொட்டகைப் பக்கமே ஒதுங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கொட்டகையின் நிழலில்தான் ஒரு முதியவர் எனக்குக் கொக்கரையைக் காட்டினார். கொக்கரை என்பது காணிகளின் வாத்தியம். இரும்புத் தகட்டைச் சுருட்டிக் குழாயாக்கி, இரண்டு ஓரங்களும் சேருகிற இடத்தில் சேராமல் நீள வாக்கில் ஒரு பிளவு விட்டு, அந்த ஓரங்களில் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருப்பார்கள். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளம். சங்கிலியில் தொங்குகிற மெல்லிய இரும்புக் கம்பியை அந்தப் பற்களின்மேல் மேலும் கீழுமாக இழுத்தால் ஒலி பிறக்கிறது. பழந்துணியில் பொதிந்து, கூரை இடுக்கில் செருகி வைத்திருந்ததை அவர் மெல்ல எடுத்துப் பிரித்தார். தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது.

"வாசிச்சுக் காட்டுங்களேன், பெரியவரே" என்றேன்.

"இது சும்மா அடிக்கிற சாமானம் இல்ல சார். சாற்றுப் பாடும்போதுதான் எடுக்கணும்" என்றவர், என் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, பல்லில் துரு ஏறியிருக்கிறதா என்று சோதிக்கிற பாவனையில் இரண்டே இரண்டு தடவை இழுத்தார். உச்சி வேளையில் காட்டுக்குள் ஒரு சில்வண்டு தொடங்க, அதைக் கேட்டு நூறு சில்வண்டுகள் சேர்ந்துகொள்ளுமே, அந்த மாதிரி சத்தம். எங்கோ படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

காணிக் குடிக்கு மூட்டுக்காணி தலைவர். வைத்தியமும் மந்திரமும் வழிபாடும் பிலாத்தியின் பொறுப்பு. வியாதிக்காரரை நடுவில் உட்கார வைத்து, கொக்கரையை இழுத்துக்கொண்டு, மலைத் தெய்வங்களை அழைத்து இரவெல்லாம் பாடுவது சாற்றுப்பாட்டு. வருஷத்தில் குடியெல்லாம் சேர்ந்து படையல் வைக்கிற கொடுதி என்ற வழிபாட்டுக்கும் அதே வாத்தியம், அதே பாஷை. பாட்டு எங்கும் எழுதி வைக்கப்பட்டதில்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனது. எனக்குக் கொக்கரை காட்டிய முதியவர் சிறு வயதில் தம் மாமனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஈற்றடிகளைத் திருப்பிச் சொல்லிச் சொல்லிப் படித்தவராம். இப்போது அவருக்குப் பின்னால் உட்காருகிறவர் யார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனி. பேத்தி கொஞ்சம் சொல்லுவா. பொம்பளப் புள்ள இதுக்கு உக்கார்றது வழக்கமில்ல" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்கத் தொடங்கினார். வழக்கத்தைக் காப்பாற்றுகிற வழக்கமே வழக்கத்துக்கு விரோதியாகிவிடுகிற இடங்கள் உண்டு. இது அதில் ஒன்று என்று அப்போது எனக்குத் தோன்றியது. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்தப் பாஷைக்கு நூல்களில் மலம்பாஷை என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்க் காதில் அந்தப் பெயர் சற்று இடறும். மலையாள வழக்கில் மலை 'மல' ஆகிறது, அவ்வளவே. மலைப் பாஷை என்று வைத்துக்கொள்ளலாம். திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழுக்கும் மலையாளத்துக்கும் மிக நெருங்கிய உறவு, தனியான எழுத்து இல்லை. இவ்வளவோடு நின்றால் தகராறு இல்லை. மேற்குச் சரிவில் பண்டிதர்கள் இதை மலையாளத்தின் கிளை வழக்கு என்கிறார்கள். கிழக்குச் சரிவில் நம்மவர்கள் இது பழந்தமிழ் என்று மார்தட்டுகிறார்கள். இரு தரப்பாரும் காணிக்காரரிடம் காட்டுகிற பிரியம் பாஷைக்கு உரிமை கொண்டாடுகிற அளவில் நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் சுவிஸ் நாட்டுக் கதை ஞாபகத்துக்கு வருவது தவிர்க்க முடியாதது. ரோமான்ஷையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பங்கு போட வந்தார்கள். அது தனி மொழியே அல்ல, இத்தாலியின் ஒரு கொச்சை வழக்கு என்று இத்தாலியத் தேசியவாதிகள் வாதித்தார்கள். முசோலினியின் காலத்தில் அந்த வாதத்துக்குப் பின்னால் பட்டாளத்தின் நிழலும் தெரிந்தது. மொழி இத்தாலியுடையது என்றால் நாளை மலையும் இத்தாலியுடையது ஆகிவிடுமல்லவா? 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி சுவிஸ் ஜனங்கள் வாக்குச் சாவடிக்குப் போய், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சம்மதம் தெரிவித்து, ரோமான்ஷைத் தங்கள் நாட்டின் நான்காவது தேசிய மொழியாக்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு அந்தப் பாஷையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரிந்திராது. ஐரோப்பாவின் பெருநதியான ரைன் அந்த மாகாணத்தில் தோமா என்ற சிறிய மலை ஏரியருகே தொடங்குகிறது; ரோமான்ஷ் பேசுகிற கிராமங்களைக் கடந்துதான் ஜெர்மன் நாட்டுக்குப் போகிறது. நதிக்குத் தலைமாட்டில் இருக்கிற சிறுகுடியின் பேச்சை நதியின் கீழ்ப்பாய்ச்சலில் இருக்கிற பெருங்கூட்டம் மதித்த நிகழ்ச்சி என்று அதை நான் நினைத்துக்கொள்கிறேன். பூங்குளத்தில் ஊற்றெடுத்துப் புன்னைக்காயலில் கடலில் விழுகிற நம் ஆறும் ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, எட்டு அணைக்கட்டுகளில் நின்று நின்று, சுமார் 86 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. அதன் தலைமாட்டில் இருப்பவர்களுக்கு நாம் இன்னும் வாக்குச்சீட்டு எதுவும் போடவில்லை.

வாக்குச்சீட்டு மாத்திரம் போதாது என்பதையும் சுவிஸ்காரர்களே சொல்வார்கள். சென்ட் மோரிட்ஸ் என்ற ஊர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோமான்ஷ் பேசிய மலைக் கிராமம். பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பணக்காரர்கள் வரத் தொடங்கி, ஹோட்டல்கள் எழும்பி, கிராமம் நகரமாயிற்று. இப்போது அங்கே தெருவில் ரோமான்ஷ் கேட்பது அபூர்வம். 1982-இல் ஹைன்ரிஷ் ஷ்மித் என்ற மொழியறிஞர், ஐந்து பள்ளத்தாக்குகளில் ஐந்து விதமாக எழுதப்பட்டு வந்த அம்மொழிக்குப் பொதுவான ஓர் எழுத்து வழக்கை உருவாக்கிக் கொடுத்தார். அரசாங்கத்துக்கு அது மிகவும் சௌகரியமாக இருந்தது. பள்ளிக்கூடங்களில் அதைப் புகுத்திய சில வருஷங்களுக்குள், 'இது எங்கள் பாட்டி பேசிய பேச்சு அல்ல' என்று பல கிராமங்கள் தங்கள் தங்கள் வழக்குக்கே திரும்பிவிட்டன. மார்ச் முதல் தேதி குளிர்காலத்தை விரட்டுவதற்காகக் குழந்தைகள் மாட்டு மணிகளைத் தோளில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு வீதி சுற்றுகிற சலாந்தமார்ஸ் பண்டிகை மாத்திரம், யாரும் கமிட்டி போட்டு உற்சாகப்படுத்தாமலேயே நடந்து வருகிறது. மாடும் மணியும் பனியும் இன்னும் அங்கே இருப்பதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

காணிக்காரரின் மாடும் மணியும் எவை என்றால், மரச்சீனிக் கிழங்கும் நல்லமிளகும் தேனும் என்று சொல்ல வேண்டும். வீட்டைச் சுற்றி மரச்சீனி, வாழை, பாக்கு, பலா, மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி. முதியவர் வீட்டில் எனக்கு இலையில் வைத்தது அவித்த மரச்சீனியும், காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கிக் கொஞ்சம் எண்ணெய் விட்ட தொடுகறியும்தான். கிழங்கின் நடு நரம்பை எப்படி உருவுவது என்று தெரியாமல் நான் விழித்ததைப் பார்த்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். காட்டுப் பன்றி வந்து ஒரு ராத்திரியில் கொல்லை முழுவதையும் கிளறிவிட்டுப் போகிற கஷ்டத்தை அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே சொன்னார்கள். பன்றியை விரட்டலாம், அடிக்கக் கூடாது. பலா பழுத்தால் யானை வரும், ஆகையால் காயிலேயே வெட்டிவிட வேண்டும்.

முண்டந்துறை 1962-இல் புலிகளின் சரணாலயம் ஆயிற்று. களக்காடு 1976-இல் சரணாலயமாக, 1988-இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. அகஸ்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் ஏற்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. இவையெல்லாம் நடந்திருக்க வேண்டியவைதான். நடக்காவிட்டால் தாமிரபரணி கோடையில் மணல் மேடாகியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிங்கவால் குரங்குக்காகவும் நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் காட்டைச் சுட்டு விதைத்து இடம் மாறுகிற விவசாயம் போனதோடு, அந்த விவசாயத்துக்கே உரிய சொற்களும் போயின. எந்தச் சாம்பலில் எந்த விதை, எத்தனையாவது மழைக்கு எந்தக் களை என்று வரிசையாகச் சொல்ல முதியவருக்குத் தெரியும். அவருடைய மகனுக்கு அச்சொற்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. உபயோகமில்லாத சொல்லை உயிரோடு வைத்திருக்க எந்த மொழிக்காரனாலும் முடியாது. வண்டி மாட்டைப் பற்றிய நம் தமிழ்ச் சொற்கள் எத்தனை என் பேரனுக்குத் தெரியும்?

ஆற்றையும் மறந்துவிடக் கூடாது. 1940-களில் காரையாற்றில் 143 அடி அணையும், 1986-இல் சேர்வலாற்றில் 156 அடி அணையும் எழுந்தன. பள்ளத்தாக்கில் மின்விளக்கு எரிந்தது, கார் சாகுபடிக்குத் தண்ணீர் நிச்சயமாயிற்று. இஞ்சிக்குழிக்குப் போகிறவர் நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து, பாணதீர்த்தத்துக்கு மேல் காட்டுவழியே நடக்க வேண்டும். 'ரோஜா' படத்தில் அந்த அருவியைப் பார்த்துவிட்டு ஒரு காலத்தில் தேசமே படகேறி வந்தது. பின்னர் அந்தப் படகுப் பயணம் நிறுத்தப்பட்டது. அருவிக்குப் பின்னால் ஒரு ஊர் இருக்கிறது என்பதை அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

முகட்டுக்கு அப்பால் நடந்த ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லத் தகும். 1987-இல் அகஸ்தியர் கூடத்துக்குப் பக்கத்துக் காடுகளில் தாவர ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் சோர்வே இல்லாமல் மலையேறுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். அவ்வப்போது மென்று தின்ற ஒரு சிறு செடியின் காய்தான் ரகசியம் என்பது மெல்ல வெளிப்பட்டது. ஆரோக்கியப்பச்சை என்று உலகம் இன்று அறிகிற அச்செடியிலிருந்து பாலோட்டிலுள்ள தாவர ஆராய்ச்சி நிலையத்தார் 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தார்கள். அதைச் செய்து விற்கக் கோயமுத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, வந்த பணத்தில் பாதியைக் காணிகளுக்கே கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். 1997-இல் அதற்கென்று ஒரு அறக்கட்டளையும் ஏற்பட்டது. பழங்குடியின் அறிவுக்கு விலை கொடுத்த முதல் உதாரணங்களில் ஒன்று என்று உலகமெங்கும் இதைப் பேசினார்கள். ரகசியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது என்று கோபித்துக்கொண்ட காணிகளும் உண்டு. தேவாமிர்தம் கடைச்சரக்காகிப் போனதில் அவர்களுக்கு வருத்தம். பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் தாவரவியலாரும் நம் பக்கத்துக் காணிகளிடமிருந்து நூற்றுக்கணக்கான மூலிகைகளின் உபயோகத்தைக் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். அக்கட்டுரைகளில் செடியின் லத்தீன் பெயர் கனத்த எழுத்தில் இருக்கும். காணிப் பெயர் அடைப்புக்குறிக்குள் சிறியதாக இருக்கும். இலையை எந்த நேரத்தில் பறிக்க வேண்டும், பறிக்குமுன் என்ன சொல்ல வேண்டும் என்பது அட்டவணையில் அடங்காததால் விட்டுப் போயிருக்கும்.

மலைவாழ்க்கை என்றால் நம் பக்கத்தில் இன்னொரு மலையையும் சொல்லாமல் இருக்க முடியாது. மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கரில் தேயிலை வைத்தது. கீழ்நாட்டிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் போன கூலி ஜனங்கள் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்களாகி, கோயிலும் தேவாலயமும் கட்டி, நான்கு தலைமுறை கண்டார்கள். அவர்களுடைய கூலி உயர்வுக்காக 1999 ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்கு நடுவே இதே தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். குத்தகை 2028-இல் முடிய, காடு காப்பகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பாக, 2024-இல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று காகிதம் நீட்டியது. அந்த ஜனங்கள் மலைக்கு வந்தேறிகள், காணிகள் மலையின் ஆதிக்குடிகள் என்று பிரித்துச் சொல்லலாம். சட்டமும் அப்படித்தான் பிரிக்கிறது. ஆனால் மூடுபனியில் பிறந்து வளர்ந்த ஒரு கிழவி, சமவெளியில் ஒரு புழுக்கமான வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் கண்டவன், அந்த வித்தியாசத்தை அவ்வளவு சுலபமாகப் பேசமாட்டான்.

மயிலாற்றுப் பிள்ளைகள் படிப்பது தமிழில். தமிழில் படிக்க வேண்டியதுதான். இல்லாவிட்டால் அம்பாசமுத்திரத்துப் பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போக முடியாது என்று பெற்றோரே சொல்கிறார்கள். ஆங்கிலம் வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் போய், 'உங்கள் பாஷை அழியலாமா' என்று கண்ணீர் விடுவதில் ஒரு நாடகத்தன்மை இருக்கிறது. நம் பேரன்கள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்க, அவர்கள் மாத்திரம் மலைமேல் பழைமையாக இருக்க வேண்டும் என்று விரும்புவது நியாயமில்லை. ஆனால் ஒன்று கேட்கலாம். ஒன்றாம் வகுப்பில் ஒரு காணிக் குழந்தை தன் பாஷையில் ஒரு சொல்லைச் சொன்னால், அதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிக்காமல், 'அப்படியும் சொல்வார்கள்' என்று ஏற்கிற வாத்தியார் ஒருவர் இருந்தால் என்ன? முதியவரின் பேத்தி ஏழாம் வகுப்பு. வீட்டில் பாட்டியோடு சரளமாகப் பேசினாள். நான் அருகில் போனதும் சட்டென்று தமிழுக்கு மாறினாள். பள்ளிக்கூடத்தில் பேசுவாயா என்றேன். "கேலி பண்ணுவாங்க" என்றாள். யார் என்று கேட்பதற்குள் ஓடிவிட்டாள்.

புறப்படும்போது முதியவர் கொக்கரையை மறுபடி எடுத்து வந்தார். ஒரு பக்கத்துப் பற்கள் மூன்று தேய்ந்து மழுங்கியிருப்பதைக் காட்டினார். அது அவருடைய மாமன் காலத்தில் கீழ்நாட்டுக் கொல்லர் ஒருவர் செய்து கொடுத்தது. அந்தக் கொல்லர் போய்ப் பல காலம் ஆயிற்று. "அம்பாசமுத்திரத்துல இது செய்யத் தெரிஞ்ச ஆசாரி இருக்காங்களான்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். இவ்வளவு தூரம் மொழியைப் பற்றியும் மலையைப் பற்றியும் என் பிரசங்கத்தைப் பொறுமையாகக் கேட்ட அந்த மனிதர் என்னிடம் கேட்ட உதவி அது ஒன்றுதான்.

விசாரித்தேன். அம்பாசமுத்திரத்தில் பழைய கொல்லுப்பட்டறைகளில் ஒன்று பேட்டரிக் கடையாகியிருந்தது. இன்னொன்றில் அரிவாளுக்குச் சாணை பிடிப்பது மாத்திரம் நடக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் கிரில் கேட் செய்கிற பட்டறைக்காரத் தம்பி ஒருவர், நான் கைபேசியில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தகட்டைச் சுருட்டுவது ஒரு வேலையே இல்லை, பல் வெட்டுவதுதான் கணக்கு, ஆழமும் இடைவெளியும் தப்பினால் சத்தம் வராது, படத்தை வைத்துச் செய்ய முடியாது, ஒரிஜினலைக் கொண்டுவந்தால் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். மலைக்குச் சொல்லி அனுப்பினேன். கொடுதி முடிகிற வரையில் கொக்கரை மலையை விட்டு இறங்கக் கூடாது, வேண்டுமானால் அந்தத் தம்பியை அளவுகோலோடு மேலே வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. சோதனைச் சாவடியில் அவர் என்ன காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு மேலே போவது என்பதைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறோம்.